மைதானத்து ஓரம் நின்ற ஆட்டோ

கபடி ஆடும்போது முட்டி ஜவ்வு கிழிந்து எனக்கு ஆபரேஷன் நடந்தது. அப்புறம் இரண்டு மாதம் என்னைப் பிசியோவுக்குக் கூட்டிப்போனது ஓர் ஆட்டோக்காரர். அவர் பெயரை நான் கேட்டதில்லை. ஒல்லியான ஆள். காக்கிச் சட்டைக்குள் ஏதோ வெளிநாட்டு எழுத்துப் போட்ட, எக்ஸ்போர்ட்டில் கழித்துவிட்ட ரிஜெக்ட் பனியன் தெரியும்.

சாயங்காலம் திரும்பி வரும்போது எங்கள் ஏரியா மண்ணரையில் கபடி மைதானத்து ஓரமாக வண்டியை நிறுத்திவிடுவார். உள்ளே எங்கள் டீம் பசங்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

"ஏண்ணே நிறுத்துதீங்க?"

"வண்டி சூடாயிருச்சுங்க."

ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில்தான் வண்டி சூடாகும். நானும் கேட்பதை விட்டுவிட்டேன். காலை நீட்டிக்கொண்டு ஆட்டத்தைப் பார்ப்பேன். அவரும் பார்ப்பார்.

ஒரு நாள் கேட்டார். "அந்தப் பச்ச டவுசரு பாடிப் போறப்ப இடது பக்கமே போறதில்லீங்களே, ஏனுங்க?"

"அங்க நிக்கவனப் பாத்தா அவனுக்குப் பயம்ணே. அவன் எடத்துல முன்னாடி நான்தான் போவேன்."

"அப்பச் சீக்கிரம் வந்து சேருங்க. இவன வெச்சுக்கிட்டு ஒண்ணும் ஆவாதுங்க."

ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தேன்.

பிசியோ முடிந்த கடைசி நாள், இனிமேல் கபடி ஆடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆட்டோவில் ஏறியதும் அவரிடம் அதைச் சொன்னேன். அவர் வண்டியைக் கிளப்பினார். மைதானத்துப் பக்கம் திரும்பாமல் வேறு ரோட்டில் கொண்டுபோய் என்னை வீட்டில் இறக்கிவிட்டார்.

என் மனசு நோகக்கூடாது என்றுதான் அப்படிச் செய்திருப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அன்றைக்கு ஒரு நாள் அவர் அங்கே நிறுத்தியிருக்கலாம்.