மாதாமாதம் வந்த குத்தகை

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நடந்ததில் பாதி மறந்தும் போகிறது. முன்னுக்குப் பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறக்காதது என் நாத்தனாரின் பட்டன் போனில் மாதாமாதம் வந்த மெசேஜ் சத்தம். அடுப்பில் என்ன கொதித்தாலும் விட்டுவிட்டு வருவார். கண்ணாடியைத் தேடி மாட்டி, எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, குத்தகை வந்துடுச்சு" என்று எனக்குக் கேட்கும்படி சொல்வார்.

என் வீட்டுக்காரரின் அக்கா அவர். பிள்ளை இல்லை, புருஷன் போனபிறகு எங்களோடு வந்து இருந்தார். பாபநாசத்துக்குப் பக்கத்தில் அவர் பங்குக்கு ஒரு துண்டு நஞ்சை இருந்தது. பயிர் செய்தவர் அறுப்புக்கு அறுப்பு குத்தகை நெல்லை அளந்துவிடுவார். வயல் வயலாகவே கிடக்கும். தன் சோற்றைத் தானே தின்கிறோம் என்கிற ரோஷம் நாத்தனாருக்கு அதிகம். "சாகுற காலத்துலகூட உன் கையால ஓசிக் கஞ்சி குடிக்க மாட்டேன்டியம்மா" என்று சொல்லிச் சிரிப்பார். எனக்குத்தான் சுருக்கென்று இருக்கும்.

சாலையை அகலப்படுத்த அந்த வயலை எடுத்துக்கொண்டார்கள். பணம் வந்தது. பணம் வந்த வாரமே என் மகளைக் கட்டிய மருமகன் தஞ்சாவூரிலிருந்து வந்தார். மியூச்சுவல் ஃபண்டு விற்பது அவர் தொழில். காபியை ஆற்றிக்கொண்டே நாத்தனாரிடம், "அத்தை, இதுல போட்டா மாசாமாசம் டிவிடெண்டு வரும். வயல் மாதிரிதான். ஆனா மேட்டூர் திறந்தாங்களான்னு பாக்க வேணாம்" என்றார். நாத்தனாருக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. டிவிடெண்டு என்றால் குத்தகை, போட்ட பணம் என்றால் வயல். அப்படித்தான் அவர் மனதில் விழுந்தது.

அடுத்த தெருவில் ஒரு பெண். அவள் அம்மா எங்கள் வயல்களில் நடவு நட்டவர். அவள் படித்துக் கும்பகோணத்தில் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறாள். அவள் சொன்னாள்: "பெரியம்மா, அவசரத்துக்கு வேணுங்கிறத பேங்குல டெபாசிட்டா வையுங்க. மிச்சத்த இண்டெக்ஸ் ஃபண்டுல போட்டு வருஷக்கணக்கா தொடாம விடுங்க. அதுல ஆள் வச்சுப் பொறுக்கி எடுக்கிறதில்ல. பெரிய கம்பெனி எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். பிடிக்கிற செலவும் கம்மி."

"பொறுக்காம எல்லாத்தையும் ஒண்ணா கொட்டுறதா? கலப்பு நெல்ல மில்லுக்காரன்கூடத் தொடமாட்டான்டி" என்று நாத்தனார் கேலி செய்தார்.

அவளும் சிரித்துவிட்டு, "சரி, மாப்பிள்ளைகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க. அந்த டிவிடெண்டு எங்கேருந்து வருது?" என்றாள்.

"நல்லாருக்கே! பொண்ணு குடுத்த வீட்டுல மாப்பிள்ளைய நிக்கவச்சுக் கேள்வி கேக்குறதா?"

கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை சாப்பிட்டு எழுந்தபிறகுதான் குழம்பில் உப்பு இல்லை என்பதே வெளியில் வரும். காட்டிய இடத்திலெல்லாம் நாத்தனார் கையெழுத்துப் போட்டார். சில வருஷம் போன் மாதம் தவறாமல் ஒலித்தது. மளிகையில் தன் பங்கை எண்ணி என் கையில் வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

பிறகு கொல்லைப் படியில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு. ஆபரேஷன் என்றார்கள். "என் வயல வித்துடுங்க" என்று நாத்தனார் சொன்னது அந்தப் பணத்தைத்தான். எடுக்கப் போனால் போட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. அந்தப் பெண்தான் காகிதங்களைப் புரட்டிவிட்டு மெல்லச் சொன்னாள்: "பெரியம்மா, அது விளைஞ்சு வந்த பணம் மட்டும் இல்ல. விளைச்சல் பத்தாதப்ப உங்க முதல்லேருந்தே வெட்டிக் குடுத்திருக்காங்க."

நாத்தனார் போனை எடுத்துத் தலைமாட்டில் கவிழ்த்து வைத்தார். பிறகு, "வயல வெட்டியே குத்தகை அளந்திருக்கான்" என்றார். மருமகனை அவர் 'ன்' போட்டுப் பேசியது அந்த ஒரு தடவைதான். மருமகனோ, "சந்தைன்னா அப்படித்தான். பேப்பர்ல எல்லாம் இருக்கே, கையெழுத்து அவங்களோடதுதானே" என்று சொல்லிவிட்டு காரை எடுத்தார். அவர் கமிஷனில் எதுவும் குறைந்ததாக நான் கேள்விப்படவில்லை.

மீதிச் செலவை என் வீட்டுக்காரர் கடன் வாங்கிக் கட்டினார். நாத்தனார் எழுந்து நடக்கவே இல்லை. கஞ்சியை நான்தான் ஊட்டினேன். ஒவ்வொரு வாய்க்கும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டுதான் விழுங்குவார். கசப்பு மருந்தைக்கூட அப்படிக் குடித்ததில்லை. ஒருநாள் அந்த வாயும் மூடிவிட்டது.

அந்தப் போன் இப்போது என்னிடம் இருக்கிறது. கடன் வேண்டுமா, நகை வேண்டுமா என்று ஏதாவது மெசேஜ் வந்து சத்தம் கேட்கும்போதெல்லாம் கை வேலையை நிறுத்திவிடுகிறேன். தீபாவளிக்கு மருமகன் வந்தால் இன்றும் நான் கதவோரம் நின்றுதான் பரிமாறுகிறேன். இன்னும் கொஞ்சம் நெய் விடட்டுமா என்பதைத் தவிர எதுவும் கேட்டதில்லை.

டிவிடெண்டு, இண்டெக்ஸ் ஃபண்டு என்று நான் எழுதியதெல்லாம் காதால் கேட்டதுதான். தப்பிருக்கும். விவரம் தெரிந்த யாராவது பார்த்துத் திருத்திக் கொடுங்கள். கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்ளாதவராக இருந்தால் நல்லது.