முன்னி சாப் பெட்டியில் இருந்த முகம்

நெருளிலிருந்து சுலோசனாவின் மகள் காலையில் போன் செய்தாள். "அம்மா போயிட்டா மாமி. தூக்கத்துலயே. கொஞ்சம்கூடக் கஷ்டப்படலை. எல்லாரும் புண்ணியவதிங்கறா" என்றாள். அழுது முடித்திருந்த குரல். பிறகு தயங்கித் தயங்கி, "பேப்பர்ல போடறதுக்கு அம்மா படம் ஒண்ணு உங்ககிட்ட இருக்கா? அடையாள அட்டையில இருக்கறதுதான் இங்க இருக்கு. அதுல அம்மா மாதிரியே இல்லை" என்று கேட்டாள்.

என்னிடமும் இல்லை. அதனால்தான் இந்த அஞ்சலியோடு படம் எதுவும் வரவில்லை. பம்பாய் கோட்டைப் பகுதியில் எங்களோடு ஒரே ஆபீசில் டைப் அடித்தவர்களுக்கும், கிங்ஸ் சர்க்கிள் பஜனை மண்டலிக்காரர்களுக்கும் இது புதிதல்ல. யார் காமிராவைத் தூக்கினாலும் அவள் எழுந்து போய்விடுவாள். தன் கல்யாணத்திலேயே படம் பிடிக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டவள். அழகி என்கிற கர்வம் என்று சிலர் நினைத்தீர்கள், திருஷ்டிக்குப் பயம் என்று சிலர் சொன்னீர்கள். இரண்டும் இல்லை. இனி சொன்னால் அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்பதால் சொல்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நானும் அவளும் வேலைக்குச் சேர்ந்தோம். வேலை விட்டால் ஒன்றாக ரயிலில் வந்து மாட்டுங்காவில் இறங்கி, கிங்ஸ் சர்க்கிள் வரை நடந்து, காய்கறி வாங்குவோம். அங்கிருந்து அவள் செம்பூருக்கு பஸ் பிடிப்பாள். வட்டத்தைச் சுற்றி வரும் பஸ்ஸோ டாக்ஸியோ வேகமாக வந்தால் அவள் வலது கை தானாக உச்சந்தலைக்குப் போகும். வண்டி கிறீச்சிட்டு நின்றதும் "பிடிச்சுடுத்து" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு கையை இறக்குவாள். "நீயா ஓட்டினே?" என்று நான் கேலி செய்வேன். அவள் சிரிக்க மாட்டாள். கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

காரணம் எனக்குத் தெரிந்தது ஒரு நவராத்திரியில். வெற்றிலை பாக்குக்கு என்று செம்பூரில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் அப்பா மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலை வைத்திருந்தார். சக்கரத்தின் உள்ளே உராய்ந்து வண்டியை நிறுத்துகிற பட்டை இருக்கிறதே, பிரேக் லைனிங், அதுதான் அவர் தயாரித்தது. மலைப்பாதையில் போகிற லாரிக்காரர்கள் அதைத் தவிர வேறு எதையும் வாங்க மாட்டார்கள் என்று பேர். மனிதர் உபசாரத்தில் கெட்டிக்காரர். சுண்டல் தீர்வதற்குள் ஒரு நீலப் பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தார். பெட்டியின் மேல் ரெட்டைப் பின்னலும் முத்துமாலையுமாக நாலு வயதுக் குழந்தை ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. சுலோசனா.

"படிக்கத் தெரியாத டிரைவருக்கும் அடையாளம் தெரியணுமோன்னோ? அதுக்காகப் போட்டேன். முன்னி சாப்புன்னு கேட்டு வாங்கறான்" என்றார். முன்னி என்றால் ஹிந்தியில் சின்னப் பெண், சாப் என்றால் மார்க். பக்கத்தில் நின்றிருந்தவளின் தலையில் கையை வைத்து, "என் கொழந்தை மொகத்தை ஒட்டிண்டு மட்ட சரக்கு விப்பேனா? இவ தலையில அடிச்சுச் சொல்றேன், பம்பாயில இதுக்கு ஈடு கிடையாது" என்றார். வியாபாரிகளிடமும் அவர் இப்படித்தான் பேசுவாராம். அன்றைக்கு அது பொய்யும் இல்லை. சரக்கு நல்ல சரக்குதான்.

பிறகு வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த மூலப்பொருள் லைசென்ஸ் தகராறில் நின்றுபோனது. கிடைத்ததைப் போட்டு ஒப்பேற்றினார். ஆர்டரோ குவிந்துகொண்டிருந்தது. உலையில் பதமாக வேக வேண்டிய பட்டைகளைப் பாதி வேக்காட்டில் வெளியே எடுத்தார்கள். வீட்டில் அவள் அம்மா, "பண்றதைப் பண்ணுங்கோ, படத்தை மட்டும் எடுத்துடுங்கோ. அது அவ தலையில அடிச்ச சத்தியம்" என்று கெஞ்சியிருக்கிறாள். "படத்தை எடுத்தா எவன் வாங்குவான்?" என்றாராம் அப்பா. சுலோசனா இதை ரயிலில் சொன்னபோது அம்மாவின் மூடநம்பிக்கை என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அதற்கும் முன்பே அவள் கை உச்சந்தலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் கண்டாலா மலை இறக்கத்தில் ஒரு லாரிக்கு பிரேக் பிடிக்கவில்லை. டிரைவரும் கிளீனரும் பள்ளத்தில் போனார்கள். லாரியின் சொந்தக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை செம்பூர் வீட்டுக்கு வந்து, கருகிய பட்டையையும் ஒரு நீலப் பெட்டியையும் மேஜை மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாராம். கத்தவில்லை, வையவில்லை. வந்தவருக்குத் தண்ணீர் கொண்டு போனவள் சுலோசனா. அவர் தம்ளரை வாங்கிக்கொண்டார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். தண்ணீரைக் குடிக்காமல் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் ரயிலில் அவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னதை நான் மறக்கவில்லை. "பொய்ச் சத்தியம் பண்ணினா அந்தத் தலைக்குத்தானே வரணும், பாரு? எனக்கு ஒரு தலைவலிகூட வரலை. யாருக்கோ போயிடுத்து."

அதன் பிறகு சனிக்கிழமை மத்தியானங்களில் அவள் ஒர்க்ஷாப் ஒர்க்ஷாப்பாகப் போய் அந்தச் சரக்கை வாங்காதீர்கள் என்று சொல்ல ஆரம்பித்தாள். ஒரு தடவை என்னையும் தாராவிக்கு இழுத்துப் போனாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் ஒருவர் லாரிச் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் பலகையில் நீலப் பெட்டிகள். இவள் போய், "அந்தப் பெட்டியில இருக்கற கொழந்தை நான்தான். தயவு பண்ணி அதைப் போடாதீங்கோ" என்றாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து ஒரு பெட்டியை எடுத்து அவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஆமா, மூக்கு அப்படியே இருக்குல்லா" என்றார். முதலில் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. "எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாதும்மா. ஒங்க மொகத்தப் பாத்துத்தான் இத்தன வருசமா வாங்குனோம். இப்பம் இந்தப் பெட்டியப் பாத்தாலே வண்டிக்காரன் எந்திரிச்சுப் போயிருதான். நீங்க என்ன செய்வீங்க, பாவம்."

பாவம் என்று அவர் சொன்னது ஆறுதலுக்குத்தான். சுலோசனா விறுவிறுவென்று சாலையைக் கடந்தாள். பிறகு, "திட்டியிருக்கலாம் அந்த மனுஷன்" என்றாள்.

கம்பெனி அதற்கு மேல் அதிக நாள் நிற்கவில்லை. டாக்ஸிக்காரர்கள் விட்டார்கள், லாரிக்காரர்கள் விட்டார்கள், போன சரக்கெல்லாம் மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தது. பாங்க் கையை விரித்தது. திவால் என்று கோர்ட்டு ஆள் வந்து தொழிற்சாலைக் கதவுக்கு அரக்கு முத்திரை வைத்தான். வேலையாட்கள் அம்பர்நாத் பக்கம் வேறு வேலை தேடிப் போனார்கள். அதுவரை மகளிடம் எதுவும் கேட்காதிருந்த அப்பா அன்று மாலை அவளைக் கூப்பிட்டு, "நீ போய்ச் சொல்லாட்டாலும் மூழ்கித்தான் இருக்கும். ஆனா நீ போய்ச் சொன்னே" என்றாராம். அதற்குப் பிறகு சாகும்வரை அவர் அவளிடம் சாதம், காபி தவிர வேறு பேசவில்லை. அந்த மனிதர் மேல் எனக்கு இன்றும் கோபம்தான், மறைக்க மாட்டேன்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தோம். ஏலத்தில் இயந்திரங்களோடு அந்த முன்னி மார்க்கும் விலை போனது. சில மாதங்களில் கடைகளில் மறுபடி நீலப் பெட்டி, அதே ரெட்டைப் பின்னல். அவள் என்னையும் அழைத்துக்கொண்டு ஏலம் எடுத்த வியாபாரியின் கடைக்குப் போனாள். படத்தை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று கேட்டாள். வயதானவர், நல்ல மாதிரியாகத்தான் பேசினார். எங்களுக்கு டீ வரவழைத்தார். "மகளே, மெஷினெல்லாம் பங்கார், வெறும் பழைய இரும்பு. நான் பணம் கொடுத்ததே இந்த முகத்துக்குத்தான்" என்று ஹிந்தியில் சொன்னார். இந்தத் தடவை டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்தவள் சுலோசனா.

பட்டை யார் தயாரித்தது, எங்கே வெந்தது, யாருக்குத் தெரியும்? பெட்டி மட்டும் வந்துகொண்டே இருந்தது. வருஷம் ஏற ஏற அச்சு மழுங்கி அந்தக் குழந்தையின் கண்கள் கறுத்துக்கொண்டே போயின. சயான் பக்கம் கடைகளில் அது தொங்கினால் நாங்கள் எதிர்ச்சாரியில் நடப்போம். அவளுக்கு நல்ல வரன் வந்தது, சுகப்பிரசவம் ஆனது. ஒவ்வொன்றுக்கும் என்னைத் தனியாக அழைத்து, "இதுலயும் என் தலைக்கு ஒண்ணும் வரலை, பாரு" என்பாள். ஒரு தடவை எனக்குப் பொறுக்கவில்லை. "சத்தியம் பண்ணினது உங்கப்பா. நீ ஏன்டி சாகறே?" என்று கத்திவிட்டேன்.

"தலை என்னோடதுடி" என்றாள்.

அவள் உச்சந்தலையில் கடைசிவரை ஒன்றும் விழவில்லை. முடிகூட அதிகம் நரைக்காமல், பிள்ளை பெண் பேரன் பேத்தி எல்லாம் பார்த்து, தூக்கத்தில் போய்விட்டாள். புண்ணியவதி என்று சொன்னவர்கள் நல்ல மனதோடு சொன்னார்கள். அந்தச் சொல்லை அவள் கேட்டிருந்தால் என்ன பாடுபட்டிருப்பாள் என்று எனக்குத்தான் தெரியும். கண்டாலாப் பள்ளத்தில் போன அந்த இருவரும் யாரென்று எனக்குத் தெரியாது. அவர்கள் பேர் அவளுக்குத் தெரியும். பஜனை முடிந்து மங்களம் பாடும்போது அவள் உதடு தனியாக அசைவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

மகளுக்குப் படம் இல்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டு பால்கனிக்கு வந்தேன். கீழே கிங்ஸ் சர்க்கிளில் பஸ் ஒன்று வேகமாகத் திரும்பியது, குறுக்கே ஒரு பெண் ஓடினாள். என் கை உச்சந்தலைக்குப் போய்விட்டது. பஸ் கிறீச்சிட்டு நின்றது.

"பிடிச்சுடுத்து" என்றேன், அவள் சொல்கிற மாதிரியே, வாய்க்குள்.