கரடி வீட்டில் இருக்கலாமா?

எங்கள் அண்ணிக்கு "ஏன்" என்று கேட்காவிட்டால் தலை வெடித்துவிடும். டீச்சராவதற்கு முன்பு ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்த்தார். "இந்தக் கலர் பிடிக்கல" என்று யாராவது சொன்னால் வேறு கலரை எடுத்துப் போட வேண்டியதுதானே? "ஏங்க பிடிக்கல?" என்று விசாரணையில் இறங்கிவிடுவார். முதலாளி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார். எங்கள் அண்ணன்தான் இன்னும் மாட்டிக்கொண்டு முழிக்கிறான்.

இப்போது அண்ணி மூன்றாம் வகுப்பு டீச்சர். பக்கத்து அறையில் நான் கணக்கு எடுக்கிறேன். நடுவில் வெறும் பலகைத் தடுப்பு. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் அந்தப் பக்கம் ஒரே ரகளை. நான் சொல்லும் வாய்ப்பாடு எனக்கே கேட்காது.

எல்லாம் ஒரு படக்கதைப் புத்தகத்தால் வந்த வினை. ஒரு கரடி யார் வீட்டுக் குளியலறைக்குள்ளோ புகுந்து அங்கேயே தங்கிவிடுகிறது. எழுத்துகளையெல்லாம் அண்ணி காகிதம் ஒட்டி மறைத்துவிட்டார். படத்தை மட்டும் பார்த்துப் பிள்ளைகள் முடிவு செய்ய வேண்டும்: கரடி வீட்டில் இருக்கலாமா, கூடாதா? தரையில் ஒரு சாக்பீஸ் கோடு. இருக்கலாம் என்பவர்கள் ஜன்னல் பக்கம், கூடாது என்பவர்கள் கதவுப் பக்கம். தன் கருத்தை எழுதி, "ஏனென்றால்" போட்டுக் காரணமும் எழுதி, அதற்குப் படத்தில் விரல் வைத்துச் சாட்சி காட்ட வேண்டும். எதிராளி சொல்வது சரியென்று பட்டால் கோட்டைத் தாண்டிக் குதிக்கலாம். அந்தக் குதியில்தான் கட்டடமே அதிரும்.

பெரிய டீச்சருக்கு, அதாவது தலைமையாசிரியைக்கு, இது அறவே பிடிக்கவில்லை. "இன்னைக்கு வந்து பார்ப்பேன். உருப்படியா இல்லன்னா அடுத்த வாரத்துலேர்ந்து அந்தப் பீரியடுல கையெழுத்துப் பயிற்சிதான்" என்று சொல்லிவிட்டார். மத்தியானம் அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை. கடைசிப் பீரியடு தொடங்கியதும், என் பிள்ளைகளுக்குக் கணக்கைக் கொடுத்துவிட்டுத் தடுப்பின் இடுக்கில் கண்ணை வைத்து நின்றுகொண்டேன்.

பெரிய டீச்சர் உள்ளே நுழைந்ததுமே, "நீங்க எந்தப் பக்கம் டீச்சர்?" என்றாள் முன்வரிசை வாயாடி.

"கூடாதுங்கற பக்கம்தான். கரடின்னா ஆபத்து."

"ஏன்?"

"நான் சொல்றேன்ல!"

"அது காரணம் இல்லையே டீச்சர். படத்துல விரல் வைங்க."

ஐயையோ! அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் கண்ணையே மூடிக்கொண்டேன்.

பெரிய டீச்சர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார். கரடி துண்டை மடிக்கிறது, குழந்தைக்குத் தலை துவட்டுகிறது. ஆபத்தைத் தேடினாலும் கிடைக்கவில்லை. கடைசியில் குளியல்தொட்டி மேல் விரலை வைத்தார்.

"தொட்டி முழுக்க இதுவே அடைச்சுக்கிட்டா மத்தவங்க எங்க குளிப்பாங்க?"

ஜன்னல் பக்கமிருந்து இரண்டு பேர் தொபுக்கென்று குதித்து வந்தார்கள். அடடா, அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"எழுதினாத்தான் செல்லும்" என்று வாயாடி ஒரு தாளை நீட்டினாள். பெரிய டீச்சர் குட்டி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். அதற்குள் ஜன்னல் பக்கமிருந்து ஒரு குரல்: "அடுத்த படத்துல எல்லாரும் வெளியில வாளி வச்சு ஜாலியா குளிக்கிறாங்க டீச்சர்!" வந்த இருவரும் திரும்பிக் குதித்துவிட்டார்கள்.

"அடப் பாவிங்களா!" என்றார் பெரிய டீச்சர். வகுப்பே உருண்டு உருண்டு சிரித்தது. எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

மணி அடித்தது. பெரிய டீச்சர் எழுந்திருக்கவில்லை. பென்சிலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு தொட்டியையே முறைத்துக்கொண்டிருந்தார். அண்ணி தயங்கித் தயங்கி, "அடுத்த வாரம் கையெழுத்துப் பயிற்சிதானே டீச்சர்?" என்றார்.

"அதெல்லாம் வேற நாள்ல வச்சுக்கலாம். நான் இல்லாம யாரும் இந்தக் கேஸை முடிச்சுடாதீங்க. என்கிட்ட இன்னொரு காரணம் இருக்கு."