சாவிக்கு அடங்காத கார்

போன செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்கு என் மனைவி விமலாவிடமிருந்து போன். குரலில் துளி பதற்றம் இல்லை. எனக்குப் பதற்றம் வந்ததே அதனால்தான்.

“காருலேருந்து புகை வந்துச்சு. இப்ப இல்ல. புதுச்சத்திரத்துக்கு முன்னாடி ஓரமா நிக்கிறோம். பேட்டரி ஒயர புடுங்கிட்டேன். மெதுவா வாங்க.”

மெதுவாக வருவதா? காரின் பின் சீட்டில் படுத்திருப்பது விமலாவின் அக்கா. வாரம் இரண்டு முறை, செவ்வாயும் வெள்ளியும், கடலூரிலிருந்து சிதம்பரம் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு திரும்புகிறவர். திரும்பும்போது அவரால் தனியாக எழுந்து உட்காரக்கூட முடியாது. வழியில் வாந்தி வரும். வாடகைக் காரில் இரண்டு டிரைவர்கள் முகம் சுளித்த பிறகு, சொந்தக் காரில்தான் போவது என்று விமலா முடிவு செய்துவிட்டார். ஓட்டுவதும் அவர்தான். எனக்கும் ஓட்டத் தெரியும். ஆனால் நான் ஓட்டினால் எதிரே வருகிற எல்லோருக்கும் சாலை விதி வகுப்பு எடுக்கிறேன் என்று சாவி என்னிடமிருந்து பறிக்கப்பட்டு வருஷம் மூன்றாகிறது.

பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். புளியமர நிழலில் கார். பின் கதவைத் திறந்துவைத்து அக்காவுக்கு விசிறிக்கொண்டிருந்தார் விமலா. பானெட்டைத் தூக்கினேன். கருகின பிளாஸ்டிக் நாற்றம். பேட்டரியிலிருந்து கிளம்பிய ஒரு சிவப்பு ஒயர், இன்ஜினுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவிலிருக்கும் தகட்டின் ஓட்டை வழியாக உள்ளே போயிருந்தது. ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லை. தகட்டின் விளிம்பு உரசி உரசி ஒயரின் தோல் உரிந்து, உள்ளிருந்த செம்பு பளபளத்தது.

ஒயர் எங்கே போகிறது என்று குனிந்து பார்த்தேன். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சுவிட்ச். கார் சுவிட்ச் அல்ல. நம் வீட்டு ஹாலில் டியூப்லைட் போடுவோமே, வெள்ளை பிளாஸ்டிக்கில்... அதே சுவிட்ச்! இரண்டு ஸ்க்ரூவில் தொங்கிக்கொண்டிருந்தது.

“இது என்ன?” என்றேன்.

பின் சீட்டிலிருந்து ஈனஸ்வரத்தில் அக்கா சொன்னார்: “அவருகிட்ட அத காட்டாதன்னு சொன்னேன்ல விமலா...”

ஆக, இரண்டு பேருக்கும் தெரியும். தெரியாதவன் நான் ஒருவன்தான்.

கதை இதுதான். இரண்டு மாதத்துக்கு முன்பு எங்கள் பழைய காரின் இன்ஜின் உட்கார்ந்துவிட்டது. சிதம்பரத்தில் மெக்கானிக் செல்வம் வேறொரு காரின் இன்ஜினைக் கொண்டுவந்து பொருத்தினார். பொருத்தின வேலையில் குறை சொல்ல மாட்டேன். நானோ ஒரு சர்க்கரை ஆலையின் மின்பிரிவில் முப்பத்துநான்கு வருஷம் இருந்தவன். பெர்மிட் எழுதாமல், பீஸைக் கழற்றாமல், ‘தொடாதே’ என்ற சிவப்பு அட்டை மாட்டாமல் ஒரு ஸ்க்ரூவைத் தொட விட்டதில்லை. எனவே ஆர்.சி. புத்தகத்தில் இன்ஜின் நம்பரை மாற்றுகிற படிவங்களை முறையாக எழுதி, முறையாகக் கொடுத்து, முறையாக வாங்கினேன். புத்தகத்தில் ஒரு புள்ளி பிசகில்லை. காருக்குள் டியூப்லைட் சுவிட்ச்!

பழைய இன்ஜினுக்கு ஸ்பார்க் தரும் காயில் குறைந்த வோல்டேஜில் ஓடுகிற ரகம். புதிதாக வந்ததன் காயிலுக்கு பேட்டரியின் முழு வோல்டேஜும் வேண்டும். சாவியை முழுக்கத் திருப்பி ஸ்டார்ட் செய்யும்போது அது கிடைத்துவிடுகிறது. சாவியை விட்டதும் பழைய ஒயர் தன் வழக்கப்படி குறைத்துக் கொடுக்கிறது. அதனால் ஸ்டார்ட் ஆகும், கையை எடுத்தால் செத்துப்போகும். இதைச் சரிசெய்ய, சாவி போட்டால் மட்டும் முழு வோல்டேஜைத் திறந்துவிடுகிற ஒரு ரிலே, ஒரு பீஸ், கொஞ்சம் ஒயர், நிறைய பொறுமை வேண்டும். செல்வத்திடம் கடைசி ஐட்டம் ஸ்டாக் இல்லை.

பக்கத்து வீட்டம்மாவை வரவழைத்து, அக்காவை அவரோடு ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, காரைக் கட்டி இழுத்துக்கொண்டு செல்வத்தின் ஷெட்டுக்குப் போனோம்.

“டைரக்ட் குடுத்திருக்கேன் சார்” என்றார். குற்ற உணர்ச்சி இல்லை. பெருமை!

“டைரக்ட்டுன்னா?”

“பேட்டரிலேருந்து நேரா காயிலுக்கு. நடுவுல அம்மாவுக்கு ஒரு சுவிட்சு. சாவிய ஆஃப் பண்ணா நிக்காது, சுவிட்ச தட்டுனா நின்னுடும். இன்ஜின் மாத்துன வண்டி எல்லாமே டைரக்ட்டுதான் சார்.”

“பீஸ் எங்கய்யா?”

“பீஸ் போட்டா அடிக்கடி போயிடும் சார்.”

போவதற்குத்தானே ஐயா அதைப் போடுகிறார்கள்! ஒயர் தகட்டில் பட்ட நொடியில் பீஸ் போயிருந்தால் புகையே வந்திருக்காது. பட்ட இடமோ பேட்டரிக்கும் சுவிட்சுக்கும் நடுவில். விமலா சாவியைத் திருப்பினார் — புகை நிற்கவில்லை. சுவிட்சைத் தட்டினார் — அப்போதும் நிற்கவில்லை. பானெட்டைத் தூக்கி, அக்காவின் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு பேட்டரி ஒயரை இழுத்தார். செல்வம் அதைச் சரியாக முடுக்காததால் கையோடு வந்துவிட்டது. அதாவது, ஒரே மனிதரின் ஒரு அலட்சியம் இன்னொரு அலட்சியத்திலிருந்து இரண்டு பெண்களைக் காப்பாற்றியிருக்கிறது. இதற்கு நான் நன்றி சொல்ல வேண்டுமா?

“என்னா சார் இப்டி கத்துறீங்க? நம்பர் மாத்த நீங்க எத்தினி ஃபார்ம் எழுதுனீங்க! நான் ஒத்த ஒயர்ல முடிச்சிட்டேன்.”

“அந்த ஒத்த ஒயர் எங்க வீட்டம்மாவோட அக்காவையும் சேத்து முடிச்சிருக்கும்!”

செல்வம் அப்போதுதான் பின் சீட்டில் விரித்திருந்த ரப்பர் ஷீட்டையும் வாந்திக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் டப்பாவையும் பார்த்தார். “ஒரு வாரம் டைம் குடுங்க சார், நீட்டா...” என்று ஆரம்பித்தார்.

“வெள்ளிக்கிழமை காலைல ஏழு மணிக்கு அக்கா ஆஸ்பத்திரில இருக்கணும்” என்றார் விமலா. அவ்வளவுதான். நான் அரை மணி நேரம் கத்தியும் நகராத மனிதர் உடனே டெஸ்டரை எடுத்தார்.

இந்த ‘டைரக்ட்’ என்ற வார்த்தையைக் கவனியுங்கள். கேட்க எவ்வளவு நேர்மையாக இருக்கிறது! மாடியில் தண்ணீர்த் தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்துகிற கருவி கெட்டால் — டைரக்ட். லிஃப்ட் கதவு சென்சார் தொல்லை செய்தால் — டேப் ஒட்டி டைரக்ட். ‘நில்’ என்று சொல்ல வைத்த ஒவ்வொன்றையும் கழற்றி எறிந்துவிட்டு, ஓடுகிறதா இல்லையா என்று மட்டும் கேட்கிறோம். ஓடும். தாராளமாக ஓடும். நிற்க வேண்டிய நேரத்திலும் ஓடும்.

விமலாவிடம் கேட்டேன். “ரெண்டு மாசமா இதோட ஓட்டியிருக்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சொன்னா என்னா பண்ணுவீங்க? மொதல்ல ஒரு மணி நேரம் பேசுவீங்க. அப்புறம் செல்வத்தோட சண்ட. அப்புறம் வேற மெக்கானிக். வண்டி ஒரு மாசம் நிக்கும். அக்காவோட டயாலிசிஸ் நிக்கலாமா?”

கோபம் இன்னும் இருந்தது. அதில் ஒரு பங்கு இப்போது என் மேலேயே திரும்பியிருந்தது. ஆபத்தை மறைக்கிற அளவுக்கு என் வாய்க்கு ஒரு வீடு பயந்திருக்கிறது!

வேலை முடிய இரண்டு மணி நேரம் ஆனது. ரிலே, பீஸ், ஓட்டைக்கு ரப்பர் வளையம். டியூப்லைட் சுவிட்ச் குப்பைக்குப் போனது. மீட்டரை வைத்து நானே பார்த்தேன். சாவி போட்டால் பன்னிரண்டு வோல்ட். எடுத்தால் பூஜ்யம். இரண்டு மணி நேரம்! இதை மிச்சம் பிடிக்கத்தான் அத்தனையும்.

சொல்லாமல் விட முடியுமா? அங்கேயே நின்று செல்வத்துக்கு பீஸின் அவசியம், ரிலேயின் தத்துவம், மனித உயிரின் மதிப்பு ஆகியவற்றை வரிசையாக எடுத்துச் சொல்ல ஆரம்பித்தேன். விமலா காரில் ஏறி ஸ்டார்ட் செய்தார். சீராக ஓடியது. சாவியைத் திருப்பினார். இன்ஜின் சட்டென்று நின்றது.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துச் சொன்னார்: “வண்டி நின்னுடுச்சு. நீங்களும் நிறுத்துங்க.”

செல்வத்தின் எதிரில் நிறுத்தினேன். மீதியைத்தான் இப்போது உங்களிடம் கொட்டியிருக்கிறேன்!