வியாகுலம்மாளின் கால்

“எனக்க காலுல படுகதுக்கு ஒரு பந்து இனிதான் பெறக்கணும், கேட்டியளா” என்று எதிரணிக்கு அறிவித்துவிட்டுத்தான் வியாகுலம்மாள் மட்டையைத் தரையில் மூன்று தட்டுத் தட்டுவாள். நாகர்கோவில் லேஸ் பட்டறைப் பெண்கள் அணியில் பதின்மூன்று வருஷமாக அவள் வீசாத பந்தும் இல்லை, அடிக்காத அடியும் இல்லை. வியாகுலம் பேரில்தான், பட்டவர்களெல்லாம் எதிரணியில் இருந்தார்கள்.

சொந்த ஊர் குளச்சல். நாள் முழுக்க நூல் குச்சிகளை முறுக்கிய விரல்கள் என்பதால், அவள் வீசும் பந்து விழுந்த இடத்தில் ஒரு கணம் யோசித்துவிட்டு, போகக்கூடாத பக்கம் போகும். பந்து பிடிக்கக் கைகூடத் தேவையில்லை. மடியை விரித்தால் வலையில் சாளை விழுகிற மாதிரி வந்து விழும். ஓடும்போது இடக்கையில் கொசுவம், வலக்கையில் மட்டை. அது ஆசாரி பொன்னுலிங்கம் பலாத்தடியில் செதுக்கிக் கொடுத்தது. அதைத் தூக்குவதே பாதி ஆட்டம்.

ஆனால் அவளுடைய கீர்த்திக்கு முழுக் காரணம் சேலை. கிரிக்கெட்டைக் கொண்டுவந்த மிஷன் துரைசானிமார் சேலையை உத்தேசித்துச் சட்டம் எழுதவில்லை. விக்கெட் குச்சிக்கு நேரே காலில் பந்து பட்டால் அவுட். சரி, தரைவரை தொங்கும் எட்டு முழத்துக்குள் கால் எங்கே இருக்கிறது? கமிட்டி கூடி, ஜெபத்தோடு இரண்டு மணி நேரம் ஆலோசித்துத் தீர்ப்புச் சொன்னது: சேலையில் பட்டால் குற்றமில்லை, காலில் பட்டால் அவுட், எதில் பட்டது என்பதை உடையவளே சொல்லவேண்டும். நடுவர் ரசலையன் வாத்தியார், பெண்பிள்ளை காலைப் பார்ப்பது பாவமென்று மலைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்பார்: “பட்டுதா பிள்ளே?”

“சேலையிலயாக்கும் வாத்தியாரே.”

ஆட்டம் முடிந்ததும் கணுக்காலில் எண்ணெய் தடவுவாள். வழியில் கல் இடித்ததாம். “அந்தக் கல்லுக்கு உனக்க காலுதான் வேணுமா ஏட்டி? வேற ஆளே கெடைக்கல்லியா?” என்பாள் பக்கத்தில் உட்கார்ந்து லேஸ் பின்னும் ஓமனா.

முப்பத்தாறாம் வருஷம் தக்கலையில் ஆஸ்பத்திரி நர்சுமாரோடு ஆட்டம். ஜெயிக்கிற அணிக்கு அசல் சீமை மட்டை. அதைக் காலையிலேயே மேஜைமேல் கிடத்திவிட்டார்கள். யாரும் பார்க்காதபோது வியாகுலம்மாள் அதை இரண்டு தடவை தூக்கிப் பார்த்தாள். மூன்றாம் தடவை முகர்ந்தும் பார்த்தாள். அதற்குப்பிறகு பலாத்தடியைத் தொடவே அவளுக்கு மனமில்லை.

கடைசி ஜோடி. ஜெயிக்க இன்னும் நான்கு ஓட்டம். புதிதாக வந்த நர்சு ஜெபகனி வீசிய பந்து, வெளியே போவதாகப் பொய் சொல்லிவிட்டு உள்ளே திரும்பி, மட்டையை ஏமாற்றிக் கொசுவத்தில் வந்து மோதியது. ‘டொக்’ என்று கேட்டது. சேலை அப்படிச் சத்தம் போடுவதில்லை.

நர்சுமார் எல்லாரும் கூவினார்கள், ஜெபகனியைத் தவிர. அவள் பந்தைக் குனிந்து எடுத்தபடி தோழியிடம் சொன்னாள்: “விடு மக்கா. அக்கா இல்லன்னுதான் சொல்லுவாவ.” குரலில் கோபம்கூட இல்லை.

வியாகுலம்மாளுக்குக் கேட்டது. அப்படி ஒரு பந்தைப் போடத்தான் அவள் பதின்மூன்று வருஷமாக முயன்றுகொண்டிருந்தாள்.

வாத்தியார் மலையைப் பார்த்தபடி, “பட்டுதா பிள்ளே?” என்றார். கேட்கும்போதே இல்லையென்று தலையையும் ஆட்டத் தொடங்கிவிட்டார்.

அவள் மேஜையை ஒருமுறை பார்த்தாள். பிறகு, “வாத்தியாரே, இஞ்ச பாருங்க” என்று சொல்லி, கொசுவத்தை இரண்டு விரற்கடை உயர்த்தினாள்.