சக்டன் பெஞ்சில் ஒரு சொல்

கிளிஃபர்ட் சக்டன் செத்ததற்கு யார்க்‌ஷயரின் அந்தச் சின்ன ஊரே அழுதது. அவன் மனைவி மியூரியல் மட்டும் அழவில்லை. பாவம், துக்கத்தில் இடிந்துபோய்விட்டாள் என்று ஊர் தானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டது. எப்போதுமே அப்படித்தான். கண்ணெதிரே கிடப்பதை விட்டுவிட்டு, வசதியானதைப் பிடித்துக்கொள்ளும் ஊர் அது.

ஊருக்குக் கிளிஃபர்ட் தங்கமான மனுஷன். கிரிக்கெட் கிளப்பின் தலைவர், கிறிஸ்துமஸுக்குத் தாடி ஒட்டிக்கொண்டு மிட்டாய் கொடுப்பவர், பப்பில் எல்லோருக்கும் பீர் வாங்கித் தருபவர். சனிக்கிழமைதோறும் ஆட்டக்காரர்களுக்கு டீயும் சாண்ட்விச்சும் போடுவது மியூரியலின் தலையெழுத்து. ஸ்கார்பரோவில் அவள் அம்மா சாகக் கிடந்ததும் ஒரு சனிக்கிழமைதான். கார் சாவியைக் கேட்டுப் பெவிலியன் வாசல்வரை அவன் பின்னால் ஓடினாள்.

"நீ போயிட்டா டீ யாரு போடுறது? உங்கம்மாவா?" என்று கேட்டுவிட்டு, அவள் நீட்டிய கையின்மீதே கதவை அறைந்து சாத்தினான்.

ஈரப்புல்லில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று அவனே எல்லோரிடமும் சொன்னான். பார்த்து நடக்கக்கூடாதா என்று ஊர் அவளுக்குப் புத்தி சொன்னது. முறிந்த மணிக்கட்டு கோணலாகவே கூடியது. அம்மாவின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

இப்போது கிளப், மைதானத்தின் ஓரத்தில் அவன் பெயரில் ஒரு பெஞ்சு போடப்போகிறதாம். பித்தளைத் தகட்டில் என்ன பொறிப்பது என்று செயலாளர் பாரி தாக்ரே மூக்கைச் சிந்திக்கொண்டே வந்து கேட்டார். மியூரியல் அப்போதே எழுதிக் கொடுத்தாள்: 'கிளிஃபர்ட் சக்டன் நினைவாக. அவர் செய்தவற்றின் எனார்மிட்டியை அவர் மனைவி என்றும் மறவாள்.'

எனார்மிட்டி என்பது, ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களும் தடுக்கி விழும் சொல். 'எனார்மஸ்' என்றால் மிகப் பெரியது. அதனால் இதுவும் பிரம்மாண்டம்தான் என்று பாதிரியாரிலிருந்து பத்திரிகைக்காரர் வரை அடித்துவிடுவார்கள். உண்மையில் இது பாதகத்துக்கான சொல். கேட்டவர் பதறிப்போகிற பெருங்கொடுமை என்று பொருள். செய்தித்தாளின் குறுக்கெழுத்துக் கட்டங்களில் மியூரியல் அதைக் கற்றுக்கொண்டாள். "மகாராணி படிக்கிறாங்க, யாரும் சத்தம் போடாதீங்க" என்று கிளிஃபர்ட் கேலி செய்வான். சிரித்துவிட்டுப் போகட்டும். அவன் ராஜாவாக உலாவிய இடத்திலேயே அவன் யார் என்பது பித்தளையில் இருக்க வேண்டும். யாராவது கண்டுபிடித்துவிட்டால் 'அன்புக் கணவர்' என்று பொறித்துவிடுவார்கள். பிறகு சாகும்வரை அந்தப் பொய்யைத் தாண்டித்தான் அவள் கடைக்குப் போக வேண்டும்.

கண்டுபிடிக்கக்கூடிய ஆள் ஊரில் ஒருவர்தான்: கிளப்புக்கு ஸ்கோர் எழுதும் ஓல்ட்ராய்டு. சட்டைப் பையில் சிவப்புப் பேனா. பப்பின் சாப்பாட்டுப் பட்டியல் பலகையில்கூட எழுத்துப்பிழையைத் திருத்தாமல் சாப்பிட உட்காரமாட்டார்.

கமிட்டிக் கூட்டத்தில் பாரி அந்த வரியைத் தழுதழுத்துப் படித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். ஓல்ட்ராய்டு எழுந்தார்.

"அந்த வார்த்தை தப்பு. எனார்மிட்டின்னா பெருசுன்னு அர்த்தம் இல்ல. மகாபாதகம்னு அர்த்தம்."

"ஆரம்பிச்சிட்டாருய்யா! உக்காருங்க ஓல்ட்ராய்டு, இது என்ன பள்ளிக்கூடமா?" என்றார் பாரி.

"மிஸஸ் சக்டன் அந்த அர்த்தத்துலயா எழுதியிருப்பாங்க? நான் வேணா மாத்தித் தரேன்."

எல்லோரும் மியூரியலைப் பார்த்தார்கள்.

"மாத்த வேணாம். அவரை நினைச்சா எனக்கு வேற வார்த்தை வரல" என்றாள்.

"பாத்தீங்களா? மனசுலேர்ந்து வந்த வார்த்தை! அர்த்தம் எல்லாருக்கும் தெரியும், உங்களுக்குத்தான் தெரியல" என்று பாரி மேசையைத் தட்டினார். கூட்டம் சிரித்தது. இந்த மந்தைக்கா இத்தனை காலம் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தோம் என்று மியூரியலுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. ஓல்ட்ராய்டு அவளுடைய கோணல் மணிக்கட்டை ஒருமுறை பார்த்தார். பிறகு பேசாமல் உட்கார்ந்துவிட்டார்.

பெஞ்சு வந்தது. தகட்டைத் தடவித் தடவி ஊர் கண்ணைத் துடைத்துக்கொண்டது. கூட்டம் கலைந்த பிறகு ஓல்ட்ராய்டு மட்டும் அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மியூரியல் அருகே போனாள்.

"தெரிஞ்சுதானே எழுதினீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆமா."

"அன்னிக்கு நீங்க புல்லுல விழல. நான் ஸ்கோர் எழுதுற எடத்துலேர்ந்து பெவிலியன் கதவு நேராத் தெரியும். பாத்தேன்."

ஒரு கணம் அவளுக்கு அழுகை முட்டியது. இத்தனை வருஷத்தில் ஒரு ஆளாவது சொன்னாரே! அதற்குள் அவர் பையிலிருந்த சிவப்புப் பேனா கண்ணில் பட்டது.

"பலகையில 'சூப்'புன்னு எழுதினதுல ஒரு எழுத்து கொறஞ்சா பப்புக்காரரைக் கூப்பிட்டுத் திருத்துவீங்க. நான் வழுக்கி விழுந்தேன்னு ஊரே சொல்லுச்சு. அது தப்புன்னு உங்களுக்குத் தெரியும். அதை ஏன் திருத்தல?"

ஓல்ட்ராய்டு பேனாவைப் பைக்குள் ஆழமாகத் தள்ளினார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க. தகட்டை மறைக்கிறீங்க" என்றாள் மியூரியல்.