முத்தல் என்று எறிந்த செவ்வந்தி

எனக்கு வயது அறுபத்திரண்டு. பெற்றது ஐந்து, தங்கச்சி விட்டுப்போன மகளோடு சேர்த்து ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். எழுத்து எனக்குக் கையெழுத்துப் போடுகிற மட்டும்தான். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

அப்போது எனக்கு எட்டு வயது. வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகளில் ஒன்றில் இருந்தோம். எங்கள் காம்பராவுக்கு முன்னால் இரண்டு பாய் விரிக்கிற அளவு மண். அதில் அம்மா துளசி, புதினா, கற்பூரவள்ளி, அவற்றுக்கு நடுநடுவே செவ்வந்தி என்று எல்லாவற்றையும் கலந்து நட்டிருந்தாள். "பூவுக்கு ஒரு பாத்தி, மருந்துக்கு ஒரு பாத்தின்னு பிரிக்க நமக்கென்ன பங்களாவா இருக்கு?" என்பாள். துளசி வாடைக்குப் பூவில் பூச்சி அண்டாதாம். எங்கள் செவ்வந்தி மாதிரி அந்த லயத்தில் யாருக்கும் பூத்ததில்லை. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் லிந்துலையிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. முன்னால் வந்த இரண்டு இடமும், பெண் கொழுந்தெடுப்பதில் மந்தம் என்று கேள்விப்பட்டு நழுவிவிட்டன. பூவையாவது தலை நிறைய வைத்து உட்கார வைப்போம் என்று அம்மா பத்து நாளாக ஒரு பூவைத் தொடவிடவில்லை.

காலையில் அம்மாவும் அக்காவும் மலையிலிருந்து பீலியில் கொட்டுகிற தண்ணீரில் குளிக்கப் போனார்கள். போகும்போது அம்மா, "வர்றவங்க கண்ணுக்கு வாசலும் செடியும் சுத்தமா இருக்கணும், பாத்துக்க" என்றாள்.

செடி சுத்தமாக இருப்பது என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கொழுந்தெடுத்த தேயிலை மலை பச்சைப் பாய் விரித்த மாதிரி மட்டமாகக் கிடக்கும். சின்னக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு இறங்கினேன். துளசி, புதினா, செவ்வந்தி எதுவானாலும் இரண்டு இலை, ஒரு மொட்டு. மலர்ந்த பூவெல்லாம் என் கணக்கில் முத்தல். முத்தலைக் கூடையில் போட்டால் கணக்கப்பிள்ளை ஏசுவார். அதனால் ஒவ்வொன்றாக ஒடித்து வாசலோரம் தண்ணீர் ஓடும் கானில் எறிந்தேன். தண்ணீர் கொண்டுபோய்விட்டது.

திரும்பி வந்த அம்மா அடிக்கக்கூட இல்லை, வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்துக் காம்பரா அத்தை எட்டிப் பார்த்து, "என்னாடி இது, தேயிலைக்கு வெட்டுற மாதிரி கவ்வாத்து வெட்டியாச்சா? நாளைக்கே இவளுக்குத் தோட்டத்து வேலைக்குப் பேர் பதிஞ்சிருங்க" என்று கேலி பண்ணினாள். கடைசியில் அம்மா என் கூடையில் இருந்ததையே எடுத்துத் துளசியும் புதினாவும் விரியாத மொட்டுமாகச் சரம் கட்டினாள்.

மாப்பிள்ளையின் அம்மா வந்ததும் முதலில் பார்த்தது அக்காவை அல்ல, செடியை. குனிந்து தடவினார்.

"எம்புட்டு மட்டமா எடுத்திருக்கு. ஒரு காம்பு கிழியல. யாரு கை இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "பெரியவ கைதாங்க. அவளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா தலையைக் குனிந்தபடி என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தன் தலைச் சரத்தில் பாதியைக் கிள்ளி என் தலையில் வைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மா கிட்ட வந்து என் கையைப் பிடித்தார். நகக்கண்ணெல்லாம் பச்சை. முகர்ந்து பார்த்தார். அக்கா கையையும் எடுத்து முகர்ந்தார். அதில் சீயக்காய் வாடைதான். அம்மா முகத்தில் இரத்தமே இல்லை.

"பெரியவ கைதான்," என்று சொல்லிவிட்டு வெற்றிலைத் தட்டை எடுத்தார்.

தையில் கல்யாணம். நான் கிள்ளிய இடமெல்லாம் இரண்டிரண்டாகக் கொப்பு வெடித்து, மாலைக்குப் பூ வெளியில் வாங்கவில்லை. ஆனாலும் கல்யாணம் முடியும்வரை எனக்குக் கோபம் ஆறவில்லை. என் கையை முகர்ந்தும் என் வேலையைக் கண்டுபிடிக்கத் தெரியாத மனுசி என்று நினைத்தேன்.

லிந்துலை மலையில் அக்காவைப் பக்கத்து நிரையில் நிறுத்திக்கொண்டு, நிறுவைக்குப் போகுமுன் தன் கூடையிலிருந்து இரண்டு பிடி கொழுந்தை அவள் கூடையில் போடுவாராம் மாமியார். அக்கா வந்து சொன்னபோதும், தனக்குக் கொழுந்து அதிகமாகிப் போடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

சரி, எழுதினதை ஒரு தரம் வாசி கண்ணு. மெதுவா வாசி.